உடற்பாகுபாடும் உயிர்ப்பாகுபாடும்

உலகத்து உயிரினங்கள் ஏறத்தாழ 87 இலட்சம் என உயிரியலார் சிலர் கி.பி. 2011ஆம் ஆண்டில் ஒரு மதிப்பீடு வெளியிட்டனர். அதுகண்டு, எண்பத்துநான்கு நூறாயிரம் யோனிபேதம் என்னும் ஆன்றோர் வழக்கை விஞ்ஞானம் உறுதிசெய்துவிட்டது என மகிழ்வார் சைவருள் உளர். தொல்காப்பிய மரபியலே உயிரியலின் முதனூல் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் ஆராயற்பாலன.

முதற்கண் தொகையை நோக்குக. மதிப்பீடு செய்தாரே 13 இலட்சம் மிகினும் மிகும், குறையினும் குறையும் என வரம்பிட்டனர். பாக்டீரியா முதலிய நுண்ணுயிர் அத்தொகையுள் அடங்கா. ஈதொருபுறமிருக்க, 84 நூறாயிரத்தின் உட்பிரிவு யாது? தேவர் 14, மக்கள் 9, நாற்கால் விலங்கு 10, பறவை 10, நீர்வாழ்வன 10, ஊர்வன 11, தாவரம் 20 என்பது வழக்கு. தேவரை எண்ணிய உயிரியலார் யாவர்? மக்கள் அனைவரும் அவர்க்கு ஓரினமே. அவ்விரு தொகையும் கழிப்பின் எஞ்சுவது 61 நூறாயிரம். 87 எங்கே, 61 எங்கே? தம் நூல்வழக்கைக் கூட்டிப் பாராது பிறர் கணக்கைக் கொண்டாடுதல் புலமைக்கு இழுக்காம். அன்றியும், நாளை அம்மதிப்பீடு ஒரு கோடியாயின், அதனையே சான்றாக வைத்தவர் ஆன்றோர் வாக்கைப் பொய்யெனக் கொள்ள நேரும்.

இனி, மரபியலின் திறம் எளிதிற் புறக்கணிக்கத்தக்கதன்று. தாம்பரம், வண்டலூர்ப் பக்கங்களில் ஒரு பனையையும் ஒரு வேம்பையும் அருகருகே காண்பார் இரண்டனையும் மரமென்றே கூறுவர். தொல்காப்பியரோ புறத்தே காழுடையதைப் புல்லென்றும், அகத்தே காழுடையதை மரமென்றும் பிரித்தார். பனை புல்லாயிற்று; வேம்பு மரமாயிற்று. தோடு, மடல், ஓலை, ஈர்க்கு, பாளை என்பன புல்லின் உறுப்புப்பெயராகவும், தளிர், கோடு, சினை, அரும்பு என்பன மரத்தின் உறுப்புப்பெயராகவும் அவரால் வகுக்கப்பட்டன. மேலைநாட்டில் ஜான் ரே என்பார் 1682இல் ஒருவித்திலை, இருவித்திலை எனப் பிரித்த பிரிவுக்கு இது பெரிதும் அணித்தாம். பனையின் தண்டில் நார்க்கற்றைகள் விளிம்பில் நெருங்கி நிற்றலின் புறம் வலிதாயிற்று என இன்றைய நூலார் காரணம் காட்டுவர்; பனைக்கு வேம்பினும் நெல்லே நெருங்கிய உறவு என்றும் துணிவர். கண்ணாற் கண்டு கூறிய ஆசிரியரின் கூர்மை போற்றற்குரியது.

அற்றேல், அறிவு பற்றிய பாகுபாடும் அவ்வாறு ஒக்குமோ எனின், ஒவ்வாது. சிதலும் எறும்பும் மூவறிவின. தும்பி நாலறிவினது என்பது மரபியல். உயிரியலார் துணிபோ சிதல் கரப்பானுக்கு உறவென்பதும், எறும்பு தேனீக்கும் குளவிக்கும் உறவென்பதும் ஆம். எறும்புகளுட் பலவற்றிற்குக் கண்ணுண்டு என்பதனையும் மறைத்தலாகாது. உறவு காண்டலே தொல்காப்பியர் கருத்தாயின் இது வழுவாம். அவர் கருத்து அதுவன்று. மக்கட்கு மனத்தைக் கூட்டி ஆறறிவு என்றார் அவர். சமண் சமயத்தினரான பவணந்தியாரோ வானவர், மக்கள், நரகர், விலங்கு, புள் ஆகிய அனைவரையும் ஐயறிவுள் அடக்கினார். ஒரு மொழியின் இரண்டு இலக்கணமே இங்ஙனம் வேறுபடுதற்கு, கொண்ட நோக்கம் வேறாதலன்றிப் பிறிது காரணமில்லை.

சித்தாந்தத்தின்படி உயிர் தன்னியல்பில் புல்லுமன்று, பூனையுமன்று; வினைக்கீடாகத் தனுவும் கரணமும் பெறுவது. உயிரியலார் வகுப்பது தனுவை. அறிவுமுறை வைப்பு கரணத்தை நோக்கியது. 1753இல் செடிகட்கு இருசொற்பெயர் முறையை நிலைநாட்டிய லின்னேயசு உறுப்பொப்புமையையே அளவாகக் கொண்டார்; 1859இல் டார்வின் நூல் வெளிவந்தபின் பொதுமூதாதையரினின்று வந்த வழிமுறையே அளவாயிற்று. உடலின் கால்வழியை உடலைக்கொண்டு ஆராய்தலில் சைவர்க்கு இடர் யாதுமில்லை.

அவர் உழைப்பின் பயனும் கண்கூடு. 2005 முதல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்கிவருகிறது. காமாலைக்குக் கீழாநெல்லி வேண்டுமெனின், சந்தையில் மேலாநெல்லி முதலிய இனச்செடிகளும் அதனொடு கலந்து வருதல் உண்டு. இந்நாட்டுக் கீழாநெல்லிக்கே நிரூரி என்னும் பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. அப்பெயர்க்குரியது அமெரிக்கச் செடி என்றும், ஈண்டுப் பறிப்பது பெரும்பாலும் அமாரசு என்னும் வேறினம் என்றும் பின்னர்த் தெளிந்தனர். மேலாநெல்லியின் இலத்தீன் பெயரில் மதராசு என்னும் ஊர்ப்பெயர் பொதிந்துகிடத்தலை இவ்வூர் மருத்துவருள் எத்துணையர் அறிவரோ! இத்தெளிவு ஓரறிவு, ஈரறிவு என எண்ணுதலால் வாராது.

தெளிந்ததும் மாறும் என்பதனையும் நினைக. தாமரையையும் ஆம்பலையும் ஒரு குடும்பமெனவே முன்னையோர் வைத்தனர். மரபணு ஆய்வு வந்தபின் தாமரை, நிலத்து மரங்கள் சிலவற்றொடு சேர்க்கப்பட்டது. ஆதலின், மரபியலுக்குப் புத்துரை வரைவார் புல், மரம் பற்றிய நூற்பாக்களின்கீழ் மேலைநாட்டார் பிரிவை ஒப்புமை காட்டிப் போதலே அமையும். அறிவுமுறை நூற்பாக்கட்கும் யோனிபேதத்திற்கும் அவர்தம் சான்றைத் தேடிப் பொருத்தும் குறிப்புகளைப் பதிப்பினின்று நீக்குதல் நன்று.