ஒளியும் ஓசையின்மையும்

ஓவியத்தில் ஓசை உண்டா? உண்டு என்றே சொல்வோம். 1859-ஆம் ஆண்டு ஃபிரெடரிக் சர்ச் என்னும் அமெரிக்க ஓவியர் ‘ஆண்டிஸின் இதயம்’ என்ற படத்தை நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். ஏறத்தாழ 10 அடி அகலம். பனிமுடியும் அருவியும் அடர்வனமும் அதில் நெருங்கி நிற்கும். தலைக்கு 25 சென்ட் கட்டணம் செலுத்திப் பல்லாயிரவர் பார்த்துச் சென்றனர். அது முழங்கும் ஓவியம்.

அதே காலத்தில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் ஃபிட்ஸ் ஹென்றி லேன் (1804–1865) வேறு வழியில் சென்றார். குழந்தைப் பருவத்திலேயே கால்களின் வலிமையை இழந்து, ஊன்றுகோலின் துணையால் நடமாடியவர் அவர். 1864-ஐ ஒட்டி அவர் தீட்டிய ‘பிரேசஸ் பாறை’ப் படத்தின் அகலம் ஒரு முழத்தைக்கூட எட்டாது. மாலை ஒளி, அலையடங்கிய நீர், அந்நீரில் தலைகீழாய்த் தோன்றும் பாறை, கரையில் சிதைந்து கிடக்கும் ஒரு படகு. மனிதர் எவரும் இல்லை. தூரிகை சென்ற தடமும் தெரிவதில்லை.

லேன், மார்ட்டின் ஜான்சன் ஹீட், ஜான் கென்செட் முதலியோரிடம் காணப்படும் இப்போக்கினை ‘லூமினிசம்’ என்ற பெயரால், 1954-இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார் ஜான் பாவர் என்னும் ஆய்வாளர். அவ்வோவியர்கள் தம்மை அப்பெயரால் அழைத்துக்கொண்டதில்லை.

இந்த அமைதி உண்மையானதா? 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரில் இலட்சக்கணக்கானோர் மடிந்த நாடு அது. சிதைந்த படகை அந்நாட்டின் உருவகமாகவே கொள்வாரும் உளர். நாம் அத்துணை தூரம் செல்லத் தேவையில்லை. எனினும், அழகுக்கு ஊறு என்று கருதி அப்படகை லேன் விலக்கிவிடவில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். ஹீட் 1859-இல் வரைந்த ‘நெருங்கி வரும் இடிமழை’யில் நீர் மையாய்க் கறுத்திருக்கிறது, கரையில் ஒருவர் தம் நாயுடன் அமர்ந்து வானத்தை நோக்குகிறார். அங்கும் அமைதி உண்டு, அச்சமும் உண்டு.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். ஐரோப்பியர் வருமுன்பே அக்கரைகளில் பூர்வகுடிகள் வாழ்ந்தனர். அவை என்றுமே ஆளற்றுக் கிடந்தவை போலத் தோற்றமளிப்பதில் ஒரு மறதி இருக்கிறது. அழகில் தோய்ந்து அம்மறதிக்கு நாமும் உடன்படலாகாது.

ஆயினும், வானத்தையும் பூமியையும் சிந்தித்து நோக்குமாறு திருமறையால் அழைக்கப்பட்ட நமக்கு, இப்படங்கள் அந்நியமானவை அல்ல. சர்ச்சின் படத்தின் முன் நின்றவர் ஓவியரின் ஆற்றலை வியந்தார். லேனின் சிறு படத்தின் முன் நிற்பவர் ஓவியரை மறந்து ஒளியையே காண்கிறார். ஒளியைப் படைத்தவனையும் நினைக்கிறார். தன் கைவண்ணத்தை மறைத்துக்கொள்ளும் அடக்கமும், உடைந்த படகை மறைக்காத நேர்மையும் ஒருங்கே அமைந்ததனாற்றான், அச்சிறு படம் பெரும்படமாகிறது.