சண்டைப்படமும் வீட்டுப்பாட்டும்: வன்னியை முன்வைத்து ஒரு நாவலாசிரியரை நோக்கல்

நாவலாசிரியர் ஒருவர் பிற கலைகளைப் பற்றி என்ன கருதுகிறார் என்பதை அறிய அவருடைய நேர்காணல்களைத் தேடிச் செல்வது விமர்சகனுக்கு எளிய வழி. ஆனால் நேர்காணலில் எழுத்தாளன் தன்னைப் பற்றித் தான் விரும்பும் சித்திரத்தையே பெரும்பாலும் தருகின்றான். அவனது புனைவோ அவன் சொல்ல விரும்பாதவற்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகின்றது. ஷோபாசக்தி விடயத்தில் இன்னொரு சான்றும் நமக்குக் கிடைத்துள்ளது. அது அவருடைய உடல். 2015ஆம் ஆண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்ற ‘தீபன்’ படத்தின் நாயகன் அவரே. தன் புனைவுகளில் சண்டைப்படத்தின் வாய்பாட்டை இடைவிடாது மறுத்து வந்த எழுத்தாளர் ஒருவர், சண்டைப்படமாகவே முடியும் ஒரு படத்தில் துப்பாக்கியும் கையுமாக நிற்க நேர்ந்தமை ஆராயத்தக்க முரண்பாடாகும். அதனை வன்னி நிலத்தில் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். படம் தொடங்குவது போரின் இறுதிக் கட்டத்தில் என்பதால் அதன் நிலம் வன்னியே. காட்சி படமாக்கப்பட்டது தென்னிந்தியாவில் என்பது வேறு விடயம்.

அல்லைப்பிட்டியில் பிறந்து, இளவயதில் இயக்கத்திற் சேர்ந்து, பின்னர் அதிலிருந்து விலகிப் பிரான்சில் அகதியாக வாழும் ஷோபாசக்தி, பல்கலைக்கழகத்தையோ பெரும் பத்திரிகை நிறுவனத்தையோ சார்ந்து எழுதியவரல்லர். அவருடைய அரசியல் நிலைப்பாடுகளை ஏற்காதோர் நம்மிடையே பலர் உளர். அவ்வாதத்துக்கு இங்கு இடமில்லை. அவருடைய முதல் நாவலான ‘கொரில்லா’ (2001) அகதி விண்ணப்பமொன்றின் வடிவிலே தொடங்குகின்றது. இந்த வடிவத் தேர்வைப் பலர் புதுமை என்று பாராட்டியதோடு நிறுத்திக்கொண்டனர். அதன் உட்கிடை வேறு. சண்டைப்படத்தில் வன்முறைக்கு ஒரு முகம் உண்டு. ஒரு முடிவும் உண்டு. கடைசி ரீலில் வில்லன் வீழ்ந்தால் நீதி நிலைபெற்றுவிடும். விண்ணப்பத்திலோ வன்முறை திகதியிட்ட பத்திகளாகின்றது. நிராகரிக்கப்பட்டால் மீண்டும் எழுதவேண்டும். அங்கே கடைசி ரீல் என்று ஒன்று இல்லை. வாசிக்கும் அதிகாரி நம்பவேண்டும் என்பதே எழுதுவோனின் ஒரே கவலை. வீரத்துக்கு அங்கு மதிப்பெண் கிடையாது.

அந்நாவலின் பெயரே ஒரு சண்டியனின் பட்டப்பெயர். நமது கிராமங்களிற் சண்டியன் என்போன் யார்? எம்.ஜி.ஆர். படங்கள் நமக்குக் காட்டிய, ஏழைக்காகக் கைநீட்டும் தனிவீரன் அல்லன். காணிக்காரனுக்கும் கள்ளுத் தவறணைக்கும் தேர்தல் மேடைக்கும் இடையே கூலிக்குத் தன் உடலை விற்றுப் பிழைக்கும் ஒரு சமூக விளைபொருள். வீட்டுக்குள் அவனே கொடுங்கோலன். ஷோபாசக்தி இந்தச் சண்டியனின் வீட்டிலிருந்து இயக்கத்துக்குப் போன மகனைப் பின்தொடர்கின்றார். தந்தையின் அடிக்கும் இயக்கத்தின் அடிக்கும் பாரிஸ் நகரத்து அடிக்கும் இடையே உள்ள உறவை அந்நாவல் விளக்கவில்லை, அடுக்கி வைக்கின்றது. சண்டைப்படத்தைப் பற்றி ஈழத்தில் எழுதப்பட்ட மிகக் கூரிய விமர்சனங்களுள் ஒன்றாக இதனை நான் கருதுகிறேன், நாவலில் சினிமா விவாதம் எதுவும் நிகழாத போதிலும்.

இனி, வன்னி மக்கள் சண்டைப்படத்தை எவ்வாறு கண்டனர் என்பதைச் சற்று நோக்குவோம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் மின்சாரம் அற்றுப்போயிற்று. எரிபொருளும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. ஒரு ஜெனரேற்றர், ஒரு தொலைக்காட்சிப் பெட்டி, ஒரு வீடியோ டெக் ஆகியவற்றோடு ஊரின் வளவொன்றிலே படம் ஓடியது. தென்னிந்தியப் படங்கள் இயக்கத்தின் தணிக்கைக்கு உட்பட்டே வந்தன. வேற்று மொழிப் போர்ப்படங்கள் தமிழ்க்குரல் பெற்றுப் போராளிகளுக்குக் காட்டப்பட்டன. நிதர்சனம் நிறுவனம் ‘ஒளிவீச்சு’ என்னும் வீடியோ சஞ்சிகையையும் குறும்படங்களையும் உருவாக்கியது. இந்த வரிசையின் இறுதியில் வருவது ‘எல்லாளன்’. 2007 ஒக்ரோபர் 22ஆம் திகதி அநுராதபுரம் விமானப்படைத்தளத்தின் மீது நடத்தப்பட்ட தாக்குதலைப் பொருளாகக் கொண்ட அப்படம் 2009இன் இறுதியிற் புலம்பெயர் நாடுகளில் திரையிடப்பட்டது. நட்சத்திர நாயகன் ஒருவனை நம்பாமல் ஒரு குழுவை நாயகமாக்கியது அதன் பலம் என்பதை மறுக்கமுடியாது. தமிழ்ச் சினிமாவில் அது அபூர்வம். ஆயினும் அப்படத்தின் பார்வை இலக்கை நோக்கியதாகவே நிற்கின்றது. அக்காலத்து வன்னியின் பசியும், பிள்ளையைக் கொடுத்த தாயின் மனமும் அதன் ஓரத்திற்கூட முழுமையாக இடம்பெறவில்லை. அது வெளிவந்த வேளையில் அதைப் பார்த்திருக்கவேண்டிய மக்களிற் பலர் வவுனியா மாவட்டத்தின் செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் இருந்தனர்.

இதே காலத்தில் வன்னியின் வீடுகளில் இசை எவ்வாறு ‘செய்யப்பட்டது’ என்பது தனியே எழுதப்படவேண்டிய வரலாறு. நானறிந்த ஒரு வீட்டுக் காட்சியை மாத்திரம் குறிப்பிடுகிறேன். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, டைனமோவிலிருந்து இரு வயர்களை இழுத்து, இடையே ஒரு டயோட்டைப் பொருத்தி ரேப் ரெக்கோடருக்குக் கொடுப்போம். ஒருவர் மிதியைக் கையாற் சுற்றவேண்டும். பெரும்பாலும் வீட்டின் கடைக்குட்டிக்கே அவ்வேலை விழும், எனக்கும் விழுந்தது. கை தளர்ந்தாற் பாடகரின் குரலும் தளரும். சோர்ந்து சுற்றினால் துள்ளல் பாட்டு ஒப்பாரியாகிவிடும். ‘அடேய், சுத்தடா’ என்று உள்ளேயிருந்து பெரியம்மா சத்தமிடுவார். கேட்பதற்கே உழைக்கவேண்டியிருந்த அக்காலத்தில் கேட்போனுக்கும் இசைப்போனுக்கும் இடையிலுள்ள கோடு மெலிந்துபோயிற்று. பற்றரியின்றிக் கிடந்த நாட்களில் பாட்டைத் தாமே பாடிக்கொண்டார்கள். இதைக் கொண்டாட்டமாகச் சித்திரிப்பது தவறு. தடை விதித்தவர்களின் கொடுமையே அதற்குக் காரணம். இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த டைனமோவிற் சுழன்ற ஒலிநாடாக்களிற் கணிசமானவை இயக்கப் பாடல்கள். கோயில் திருவிழா மேடைகளில் மக்கள் கேட்டுப் பழகிய எஸ். ஜி. சாந்தன் (2017இற் காலமானார்) போன்றோரின் குரல் அவற்றிலும் ஒலித்தது. பக்திப் பாட்டுக்குப் பழகிய செவியிடம் அதே குரலில் போர் வந்து சேர்ந்தது. வீட்டிசை எப்போதும் களங்கமற்றது என்ற கற்பனைக்கு இங்கு இடமில்லை.

எனினும் வன்னியின் வீட்டுப்பாட்டு மரபு இவ்வொலிநாடாக்களுக்கு மிக முற்பட்டது. அம்மரபிலேயே ஒரு சண்டைக்கதை இருக்கின்றது என்பதை நமது சினிமா விமர்சகர்கள் கவனித்ததாகத் தெரியவில்லை. நான் குறிப்பிடுவது வேலப்பணிக்கன் ஒப்பாரியை. குமுழமுனைப் பகுதியோடு இணைத்துச் சொல்லப்படும் அக்கதையில், ஆண்கள் அடக்கமாட்டாத கொம்பன் யானையை வேலப்பணிக்கனின் மனைவி அரியாத்தை பிடித்துக் கட்டுகிறாள். பொறாமை கொண்டோர் அவளுக்கு நஞ்சூட்டிக் கொல்கின்றனர். கணவனும் அவளோடு சிதையேறுகின்றான். இதைவிடச் சிறந்த சண்டைக்காட்சியை எந்தத் திரைக்கதாசிரியன் கேட்பான்? ஆனால் இக்கதை நமக்கு வந்து சேர்ந்த வடிவத்தை நோக்குங்கள். அது பரணியாகவோ வீரகாவியமாகவோ வரவில்லை, ஒப்பாரியாக வந்தது. சண்டைப்படத்தில் முடிவு மறைத்து வைக்கப்படுகின்றது. பார்ப்பவன் நாற்காலியின் நுனியில் இருக்கவேண்டும். ஒப்பாரியில் முடிவு முதலிலேயே தெரியும். பிணம் முன்னாற் கிடக்கின்றது. யானையைப் பிடித்த வீரம் இழப்பின் ஒரு பகுதியாகவே நினைவு கூரப்படுகின்றது. இறந்தவளை நோக்கியே பாட்டு பேசுகின்றது. பார்வையாளனை நோக்கி அன்று. சண்டைப்படத்தில் மரணம் எப்போதும் மற்றவனுடையது. ஒப்பாரியில் மரணம் பாடுபவரின் வீட்டுக்குள் நிகழ்ந்தது.

கொலை செய்தோர் யார் என்பதையும் மறந்துவிடலாகாது. யானை அவளைக் கொல்லவில்லை. பெண்ணின் திறமையைப் பொறுக்கமாட்டாத சமூகமே கொன்றது. வன்னிச் சமூகம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொண்ட இக்கடும் விமர்சனம் ஒப்பாரி என்ற பெண்களின் இசைவடிவில் பாதுகாக்கப்பட்டமை தற்செயலானதன்று.

வன்னியிலிருந்தே எழுந்த நாவலொன்றையும் இங்கு ஒப்பு நோக்கலாம். 1973இல் வீரகேசரி வெளியீடாக வந்த அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ தண்ணிமுறிப்புக் காட்டைக் களமாகக் கொண்டது. கதிராமனின் உடல் வலிமை அந்நாவலில் வேட்டையிலும் காடு வெட்டுவதிலும் புலப்படுகின்றது. வலிமை அங்கே உழைப்பின் மறுபெயர். யாரையும் வெல்வதற்காக அவன் தன் உடலைக் காட்டுவதில்லை. அந்நாவலின் நெருக்கடி சண்டையினால் தீர்வதுமில்லை. இன்று அதை மீண்டும் படிக்கும்போது அதன் நெகிழ்ச்சி சில இடங்களில் மிகையாகத் தோன்றக்கூடும். ஆனால் உடல், உழைப்பு, காடு ஆகிய மூன்றுக்குமிடையே அது கண்ட இயைபு பின்வந்த போர்ப் புனைவுகள் பலவற்றில் முறிந்துபோய்விட்டது.

இப்போது ‘தீபன்’ படத்துக்குத் திரும்புவோம். மனைவி மக்களை இழந்த போராளியொருவன் இறந்தவனின் கடவுச்சீட்டோடு, அந்நியப் பெண்ணொருத்தியையும் அநாதைச் சிறுமியையும் தன் குடும்பம் எனக் காட்டிப் பிரான்சுக்கு வருகிறான். போதைப்பொருட் கும்பல்கள் ஆளும் புறநகர்க் குடியிருப்பில் காவலாளியாகின்றான். படத்தின் முற்பாதி கிட்டத்தட்ட ஷோபாசக்தியின் சிறுகதை ஒன்றைப் போன்றே நடைபெறுகின்றது: பொய்யான பெயர்கள், தெரியாத மொழி, பொய்க் குடும்பத்தில் மெல்ல முளைக்கும் உண்மை. படத்தின் நடுவே தீபன் குடித்துவிட்டுத் தனியே நின்று போர்ப்பாட்டொன்றை உரத்துப் பாடும் காட்சி வருகின்றது. அக்காட்சியையே நான் படத்தின் உச்சமாகக் கருதுகிறேன். ஆயிரம் குரல்களுக்காக ஆக்கப்பட்ட பாட்டு ஒற்றைத் தொண்டைக்குள் சுருங்குகின்றது. பின்னணி இசை இல்லை, கூட்டம் இல்லை, தலைவன் இல்லை. அணிநடைப் பாட்டு அங்கே வீட்டுப்பாட்டாக, ஏன், ஒப்பாரியாகவே மாறிவிடுகின்றது. டைனமோ தளர்ந்தபோது நாங்கள் கேட்ட அதே மாற்றம். இதைத் திரைக்கதைத் தாளில் எழுதிவிடமுடியாது. பாடியவரின் உடலுக்கு அப்பாட்டின் வரலாறு தெரிந்திருந்தது.

அதன்பின் படம் தடம் மாறுகின்றது. புகை சூழ்ந்த படிக்கட்டில் தீபன் எதிரிகளை ஒவ்வொருவராக வீழ்த்தியபடி ஏறிச் செல்கிறான்; அடுத்து இங்கிலாந்தில் ஓர் இனிய வீடு. போர் மனிதனுக்குள் உறங்குவதையும் தருணம் வாய்த்தால் விழிப்பதையும் இம்முடிவு காட்டுகின்றது என்று வாதிடுவோர் உண்டு. அவ்வாதத்தில் ஓரளவு நியாயம் இருக்கின்றது. ஆனால் விழித்தெழுந்த போர் அவனுக்குப் பரிசு வழங்குகின்றதே! மீட்கப்பட்ட பெண், குழந்தை, பச்சைப் புல்வெளி. வன்னியில் போரிட்டவனுக்கு எதுவும் எஞ்சவில்லை. பாரிஸ் புறநகரில் போரிட்டவனுக்கு எல்லாம் கிடைக்கின்றது. இது இயக்குநர் ஜாக் ஓடியாரின் தனிப்பட்ட தவறு என்பதைவிடச் சண்டைப்பட வடிவத்தின் நிர்ப்பந்தம் எனக் கொள்வதே பொருத்தம். அகதியை மேற்கு நாட்டுப் பார்வையாளன் ஏற்கவேண்டுமாயின் அவன் ஒன்றில் பரிதாபத்துக்குரியவனாக இருக்கவேண்டும், அல்லது பயன்படத்தக்க வீரனாக இருக்கவேண்டும். கூட்டித் துடைத்துத் தபால் பிரித்துக் கொடுக்கும் தொழிலாளியாக அவன் இருந்த முற்பாதி போதுமானதாகக் கருதப்படவில்லை.

ஷோபாசக்தி நடிகராக மாத்திரமே அப்படத்தில் இருந்தார். முடிவுக்கு அவர் பொறுப்பல்லர் என்பது உண்மை. எனினும் அதே 2015இல் வெளியான அவரது ‘பொக்ஸ் கதைப்புத்தகம்’ போருக்குப் பிந்திய வன்னிக் கிராமமொன்றைக் களமாகக் கொண்டிருப்பது கவனத்துக்குரியது. படம் தொட்டுவிட்டுக் கடந்துபோன நிலத்தில் நாவல் தங்குகின்றது. இந்நாவலில் ஒரு கதையின் மேல் இன்னொரு கதை வந்து விழுகின்றது; ஒருவரும் வென்று வெளியேறுவதில்லை. சில பகுதிகளில் கொடூரத்தை அடுக்குவதில் ஆசிரியர் அளவு மீறுகிறார் என்ற குறையும் எனக்குண்டு. துயரமும் காட்சிப் பொருளாகிவிடும் ஆபத்து நாவலுக்கும் உண்டு, திரைக்கு மட்டுமல்ல. ஒப்பாரி பாடும் கிழவிக்கு அந்த அளவு தெரியும். இடையிலே நிறுத்தி வெற்றிலை போடுவாள், பக்கத்து வளவுச் செய்தி கேட்பாள், பிறகு விட்ட இடத்திலிருந்து எடுப்பாள்.

வன்னியின் வீட்டுப்பாட்டு என்று நான் இதுவரை கூறியது பெரும்பாலும் பழங்குடிகளின் பாட்டையே. 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறிய தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் தப்பையும் காமன் கூத்தையும் தாலாட்டையும் கூடவே கொண்டுவந்தன. எல்லைப்புறக் குடியேற்றங்களில் முதலில் அடிபட்டவர்கள் அவர்களே. சயந்தனின் ‘ஆதிரை’ (2015) இம்மக்களை வன்னிக் கதையின் நடுவே நிறுத்தியது. அவர்களுடைய குரல் இயக்கப் படங்களிலும் மங்கல். ‘தீபன்’ படத்தில் அறவே இல்லை. அரியாத்தையின் ஒப்பாரியை நாம் அச்சிலாவது வைத்திருக்கிறோம். தேயிலை மலையிலிருந்து வந்து வன்னிக் காட்டை வெட்டிய பெண், பங்கர் வாசலில் பிள்ளையை உறங்கவைக்கப் பாடியதை ஒலிப்பதிவு செய்ய அப்போது எவரிடமும் பற்றரி இருக்கவில்லை. பாடியவர்களிற் சிலர் இன்னும் விசுவமடுவிலும் தருமபுரத்திலும் இருக்கின்றார்கள். அவர்களுக்கு இப்போது எழுபது வயதைத் தாண்டிவிட்டது.