பஞ்சுப் பனியில் ஒரு டாங்கி

சேவூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கண்காட்சிக்கு நடுவர்களுள் ஒருத்தியாகப் போயிருந்தேன். பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன் செய்து வைத்திருந்த டயோரமாவுக்கு முதல் பரிசு தர வேண்டும் என்று மற்ற இருவரும் சொன்னார்கள். நான் குறைத்து மதிப்பெண் போட்டேன். அது இரண்டாம் இடத்துக்குப் போயிற்று. “தமிழம்மாவுக்கு டாங்கியைப் பற்றி என்ன தெரியும்” என்று பின்னால் யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. நியாயமான கேள்விதான். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். படித்த பிறகும் அந்த மதிப்பெண்ணை மாற்றத் தோன்றவில்லை. ஆனால் காரணத்தை அன்று சரியாகச் சொல்லவில்லை என்ற உறுத்தல் இருக்கிறது.

இரண்டடிக்கு ஒன்றரையடிப் பலகை. ஒருபுறம் தெர்மாகோல் மலைச்சரிவு, நடுவில் ஒரு வெள்ளைப் பாதை, அதில் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்டூவர்ட் டாங்கி. முன்னால் ஒட்டியிருந்த அட்டையில் ‘சோஜி லா, 1 நவம்பர் 1948’ என்று எழுதியிருந்தான். அவன் செய்நேர்த்தியில் எனக்குக் குறையே இல்லை. பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து ஒவ்வோர் உறுப்பையும் வெட்டியெடுத்து, உப்புத்தாளில் தேய்த்து, ஒட்டி, பச்சை பூசியிருக்கிறான். அதன் மேல் அக்காவின் ஹேர் ஸ்பிரேயை அடித்து, காய்ந்ததும் வெள்ளை பூசி, பிறகு ஈரத் தூரிகையால் அங்கங்கே தேய்த்தால் வெள்ளை உரிந்து கீழேயிருக்கும் பச்சை தெரியும். பனியில் உழன்ற வண்டியின் தோல் அப்படியே வந்துவிடுகிறது. உலகம் முழுக்க மாடல் செய்பவர்கள் கையாளும் உத்தி இது. இரண்டாம் உலகப்போரில் குளிர்காலம் வந்ததும் டாங்கிகளுக்கு வெள்ளையடித்தார்கள். மழையிலும் உரசலிலும் அது கரைந்து போகும். அந்தக் கரைதலைக்கூட விடாமல் நகலெடுக்கிற கலை இது.

“பனி எதுல செஞ்ச கண்ணு?” என்று கேட்டேன்.

“முதல்ல சோடா உப்பு போட்டேனுங்க மேடம். கொஞ்ச நாள்ல மஞ்சளாப் போச்சுங்க. அப்புறம் அம்மா மில்லுல இருந்து கழிவுப் பஞ்சு கொண்டாந்தாங்க. பொடியா வெட்டி, பெவிகால்ல ஒட்டினேனுங்க.”

அம்மா பக்கத்தில்தான் நின்றிருந்தார். மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். முந்தானையில் அங்கங்கே பஞ்சு. எப்படி இருக்கிறது என்று அவரிடமும் கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நல்லாத்தான் செஞ்சிருக்கான். ஆனா இத்தன பேரு போன ரோடு இத்தன வெள்ளையாவா இருக்கும்?”

அன்று நான் கேட்ட விமர்சனங்களில் சிறந்தது அதுதான்.

இந்தக் கலையில் அதிகம் புழங்கும் அளவு முப்பத்தைந்தில் ஒன்று. அது எப்படி வந்தது என்று படித்தபோது சிரிப்பு வந்தது. 1960களின் தொடக்கத்தில் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பாந்தர் டாங்கி பொம்மை ஒன்றைச் செய்தது. மோட்டாரும் பாட்டரியும் உள்ளே அடங்க வேண்டும். அதற்கு இடம் விட்டபோது வண்டி வந்து நின்ற அளவு அது. மற்றவர்களும் அதையே பிடித்துக்கொள்ள, பொதுவழக்கு ஆகிவிட்டது. மனிதர்களுக்கான அளவு அதிலிருந்து பிறகு கணக்கிட்டதுதான். ஐந்தரை அடி ஆள் ஐந்து சென்டிமீட்டருக்குள் நிற்க வேண்டும். இயந்திரம் முதலில், ஆள் பிறகு. ரிவெட் எண்ணிக்கையில் பிழை வந்தால் சண்டைக்கு வருகிறவர்கள், பாதையில் ஓர் ஆள்கூட இல்லாததைப் பிழையாகக் கருதாமல் இருப்பதற்கும் இந்த வரிசைக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

சோஜி லா கணவாய் பதினோராயிரத்து ஐந்நூறு அடி உயரத்துக்கும் மேலே இருக்கிறது. 1948இல் அதைப் பிடிக்கச் செய்த முதல் முயற்சிகள் தோற்றன. ஏழாம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகளை மேலே கொண்டுபோவது என்று ஜெனரல் திம்மய்யா முடிவெடுத்தார். வெளியே தெரியாமலிருக்க, சுழல்மேடைகளைக் கழற்றித் தனியாக ஏற்றிச் சென்றார்கள். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாயில் ஏறின. அவ்வளவு உயரத்தில் டாங்கிகள் போரிட்டது அதுவே முதல்முறை என்று படை வரலாறுகள் சொல்கின்றன. இதெல்லாம் அந்த மாணவனுக்குத் தலைகீழ்ப் பாடம். அவனுக்குத் தெரியாதது ஒன்றுதான்: பால்தாலிலிருந்து கணவாய்க்குப் போன பாதை கோவேறு கழுதைகளுக்கான பாதை. அதை டாங்கி போகும் அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தவர்கள் மெட்ராஸ் சாப்பர்ஸ். அந்தப் பலகையில் நம் ஊர்ப்பக்கத்துக் கைகளுக்கு உரிய ஒரே இடம் அந்தப் பாதைதான். அதுதான் மாசுமறுவில்லாமல், யாருமே தொடாததுபோல் கிடந்தது. மண்வெட்டி இல்லை, உடைந்த கல் இல்லை, ஒரு காலடிகூட இல்லை.

வீட்டு வேலையைப் பற்றி நாம் காலங்காலமாகச் சொல்லி வருவது இதுதானே? செய்து முடித்த வேலை தானாகவே இருந்ததுபோல் ஆகிவிடும். சாப்பர்கள் ஆண்கள்தான். ஆனால் பாதை போடுகிறவர், சோறு போடுகிறவர், பஞ்சு பொறுக்குகிறவர் எல்லாரையும் துடைத்துவிட்டு இரும்பை மட்டும் மிச்சம் வைக்கிற பார்வை ஒன்றேதான். அதனால்தான் இதைப் பெண்ணிய வாசிப்புக்கு உரிய பொருளாக எடுத்துக்கொள்கிறேன். பெண் பொம்மை ஒன்று குறைகிறது என்பதற்காக இல்லை.

பெண்ணை டாங்கியில் ஏற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று என் மாணவி ஒருத்தி வாதிட்டாள். அவளுக்காக மரியா ஒக்தியாப்ரஸ்கயாவின் கதையைத் தேடிப் படித்தேன். கணவர் 1941இல் போரில் இறந்தார். செய்தி மரியாவுக்கு வந்துசேர ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. இருந்ததை எல்லாம் விற்று 50,000 ரூபிள் கொடுத்து, அதில் ஒரு டி-34 டாங்கி செய்து, ஓட்டுநராகத் தன்னையே அனுப்பும்படி ஸ்டாலினுக்கு எழுதினார். அனுமதி கிடைத்தது. டாங்கிக்கு அவர் வைத்த பெயரைத் தமிழில் ‘போர்த்தோழி’ என்று சொல்லலாம். 1944 ஜனவரியில், அறுந்த சங்கிலிப் பட்டையைச் சரிசெய்ய வெளியே இறங்கியபோது குண்டுச் சிதறல் பட்டது. மார்ச்சில் இறந்தார். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவரைப் பலகையில் வைத்தாலும் நடுவில் நிற்கப்போவது டாங்கிதான். கணவர் இறந்ததுகூடத் தெரியாமல் இருந்த அந்த இரண்டு வருடங்களை எந்த அளவில் செய்வது?

இங்கேதான் நெடுநல்வாடை நினைவுக்கு வருகிறது. குளிர்காலப் போரைப் பற்றி நம்மிடம் இருக்கும் மிகப் பழைய டயோரமா அது. நக்கீரருடைய 188 அடிகளில் பாசறைக்குக் கிடைப்பது கடைசி இருபது அடிகள்தாம். அதுவரை என்ன நடக்கிறது? மழையில் மேட்டுநிலம் தேடிப் போகும் கோவலர் நெருப்பில் கை காய்கிறார்கள். வானம் இருண்டு பொழுது தெரியாததால், பூ மலர்வதைக் கொண்டு மாலை என்றறிந்து பெண்கள் விளக்கேற்றுகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் வேலையின்றிக் கிடக்கிறது. யாழின் நரம்பு குளிரில் இறுகிப்போக, ஆடல்மகளிர் அதை மார்பில் தடவிச் சூடேற்றுகிறார்கள். போர் எங்கோ நடக்கிறது. அதன் குளிர் ஊரின் ஒவ்வொரு பண்டத்திலும் இறங்கியிருக்கிறது. அரசி படுத்திருக்கும் கட்டிலைப் பாருங்கள். போரில் பட்ட நாற்பது வயது யானையின் தந்தத்தில் செய்தது அது. போர்க்களத்தைப் படுக்கையறைக்குள் கொண்டுவர நக்கீரருக்கு ஒரு கட்டில் போதுமாக இருக்கிறது.

பாசறைக்குப் போனாலும் அவர் காட்டுவது தாக்குதலை இல்லை. நள்ளிரவு, வாடைக்காற்றில் சாயும் விளக்குச் சுடர்கள், சேறான தெரு, உடம்பை உதறும் குதிரைகள், காயம்பட்டவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவரும் அரசன். வழிகாட்டுகிறவனின் வேலில் வேப்பந்தார் கட்டியிருக்கிறது. வேம்பு பாண்டியனின் அடையாளம். ஆளை அடையாளம் காட்டிவிட்டதால் இது அகம் ஆகாது, புறம்தான் என்றார் நச்சினார்க்கினியர். ஒரு கொத்து வேப்பிலை ஒரு பாட்டையே வேறு அடுக்குக்கு நகர்த்திவிட்டது! அட்டையில் இடமும் தேதியும் படைப்பிரிவும் எழுதி ஒட்டுகிறபோதும் இதுவே நடக்கிறது. அரசியின் பெருமூச்சும் கணக்கில் புறமாகிவிடுகிறது.

நக்கீரரைக் கோயில் கட்டிக் கும்பிடவும் நான் தயாரில்லை. அரசிக்குக் காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. அடிவருடும் பெண்களுக்கும் தேற்றும் முதிய செவிலியருக்கும் பெயர் இல்லை. ஆயினும் அவர்கள் பலகைக்கு உள்ளே இருக்கிறார்கள். அரண்மனையையும் பாசறையையும் ஒரே சட்டத்துக்குள் வைத்த அந்தத் துணிவு நம் மாடல்காரர்களுக்கு இன்னும் வரவில்லை.

சோஜி லாவுக்கும் ஓர் அகம் உண்டு. அதே போரின் தொடக்கத்தில், 1947 அக்டோபரில், முசாபராபாத்தில் அதிகாரியாக இருந்த கணவர் கொல்லப்பட, குழந்தைகளோடு ஒவ்வொரு வீடாக அடைக்கலம் தேடித் தப்பியவர் கிருஷ்ணா மேத்தா. பிறகு மக்களவை உறுப்பினராகவும் இருந்தார். அவர் எழுதிய நினைவுக்குறிப்பில் போர் என்பது கதவைத் தட்டும் சத்தம், பசித்த பிள்ளைகள், நாளை யார் காட்டிக்கொடுப்பார் என்ற அச்சம். அவ்வாண்டுகளில் கடத்தப்பட்ட பெண்களை மீட்பதற்கென்றே 1949இல் அரசு ஒரு சட்டம் போட வேண்டியிருந்தது. ‘மீட்கப்பட்ட’ பெண்களில் பலர் திரும்ப மறுத்ததையும், மறுப்பைக் கேட்க ஆளில்லாததையும் ஊர்வசி புட்டாலியாவும் ரிது மேனனும் கமலா பாசினும் 1998இல் தங்கள் நூல்களில் பதிவு செய்தார்கள்.

பரிசளிப்பு முடிந்த மறுவாரம் அந்த மாணவன் வந்தான். கோபமாக இருப்பான் என்று நினைத்தேன். சட்டைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்துத் திறந்தான். தகரத்தில் வெட்டிய நான்கு மண்வெட்டிகள், ஒவ்வொன்றும் நகக்கண் அளவு. பாதையில் சேறு வைத்துவிட்டானாம். காபித்தூளும் பெவிகாலும்.

கிருஷ்ணா மேத்தாவைப் பற்றிச் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான். பிறகு கேட்டான்: “அவங்க இருந்த ஊரு இந்தக் கணவாய்க்கு ரொம்பத் தூரமில்லீங்களா மேடம்? அவங்கள எங்க வைக்கிறதுங்க?”

முப்பத்தைந்தில் ஒன்று என்று வைத்துத் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். பலகை சேவூர் எல்லையைத் தாண்டி அவிநாசிப் பக்கம் போய் நின்றது.