ரேடியன் வெறும் மாற்றுச் சூத்திரமா?

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஒரு புரோகிராம், சைன் 30-க்கு 0.5 தராமல் −0.988 தந்தது. கம்ப்யூட்டர் 30-ஐ ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. பையால் பெருக்கி 180-ஆல் வகுத்து வேலையை முடித்தேன். ஏன் அப்படிச் செய்யணும்னு யோசிக்கவே இல்லை. இத்தனைக்கும் பி.இ.!

பெரும்பாலான வகுப்புகளில் ரேடியன் அறிமுகமாவதே "180 பாகை = பை ரேடியன்" என்றுதான். கிலோமீட்டர், மைல் மாதிரி இது இன்னொரு அலகு என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். இந்த முறையில்தான் எனக்குச் சண்டை. வட்டத்தை 360 கூறாக்கியது நாம். ரேடியனை வட்டமே தருகிறது. ஆரத்தின் நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி விளிம்பில் ஒட்டிப் பாருங்கள். அது மையத்தில் தாங்கும் கோணம் ஒரு ரேடியன், அவ்வளவுதான். ஆரத்தை 1 என்று வைத்தால் வில்லின் நீளமே கோணம். அதுதான் ஓரலகு வட்டம். வில்லின் நுனி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அது சைன்.

ஜவ்வாது மலையில், காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. அதன் முதன்மைக் குவியத் தூரம் சுமார் 7.6 மீட்டர். நிலா வானத்தில் பிடிக்கும் கோணம் ஏறத்தாழ 0.009 ரேடியன். இரண்டையும் பெருக்கினால் நிலாவின் பிம்பம் 7 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். சூத்திரமே வேண்டாம், பாகையில் இப்படி நேராகப் பெருக்க முடியாது. பிம்பத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது 1/7600 ரேடியன். வானியலாளர்கள் கோணத்தை விகலையில் சொல்வதால் அதை 206265-ஆல் பெருக்குவார்கள். சுமார் 27 விகலை வரும். ஒரு ரேடியனில் அத்தனை விகலை.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு ஆர்யபட்டர் ஞாபகம் வந்தார். 499-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஆர்யபட்டீயத்தில் 24 சைன் வேறுபாடுகள் உண்டு. கூட்டினால் 3438. அதுதான் அவர் வட்டத்தின் ஆரம். ஒரு ரேடியனில் உள்ள கலைகளும் முழு எண்ணில் அதே. 60-ஆல் பெருக்கினால் 206280! (ரேடியனைக் கண்டுபிடித்ததே அவர்தான்னு வாட்ஸப்பில் அனுப்பிடாதீங்க. அந்தப் பெயர் 19-ஆம் நூற்றாண்டில் வந்தது.) ஆனால் வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால் அளக்கும் எண்ணம் அங்கே தெளிவாக இருக்கிறது. அவர் பட்டியலின் முதல் வரியைப் பாருங்கள்: 225 கலை வில்லுக்கு சைன் 225. சிறு கோணத்தில் வில்லும் உயரமும் ஒன்றுதான் என்பதை, ஒரு மாற்று வாய்பாடும் இல்லாமல், அந்த ஒரு வரி காட்டிவிடுகிறது.