ஒற்றைக்கொம்பு விலங்கும் மொழிபெயர்ப்பு மரபும்

மொழிபெயர்ப்பிற் காணும் பிறழ்வுகளை வெறும் பிழைகளென ஒதுக்கிவிடுவோர் உளர். ஒற்றைக்கொம்பு விலங்கின் சொல்வரலாறு இக்கருத்தை மீள்பரிசீலனை செய்யத் தூண்டுகின்றது.

எபிரேய வேதாகமம் கூறும் 'ரெஏம்' இருகொம்புடைய காட்டெருதே என்பது இன்று அறிஞர் பெரும்பாலோரின் முடிபு. பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை 'ஒற்றைக்கொம்பன்' ஆக்கியது. ஆயின் உபாகமம் 33:17 அவ்விலங்கொன்றுக்கே கொம்புகளைப் பன்மையிற் கூறுகின்றது. 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் விலங்கையும் பன்மையாக்கி இம்முரண்பாட்டைத் தவிர்த்தனர். மூலத்தில் ஒருமையே உளதென ஓரக்குறிப்பும் எழுதினர். எனவே அவர்கள் அறியாது தவறினரல்லர். மரபு விதித்த சொல்லைக் கைவிட இயலாதிருந்தனர் என்றே நாம் கருதுகின்றோம்.

புரொட்டஸ்தாந்தர் வழங்கும் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் இடம்பெற்ற சொல் 'காண்டாமிருகம்'. ஐரோப்பியக் கதைகளின் ஒற்றைக்கொம்புக் குதிரை நம்மவர்க்கு அந்நியம். இந்தியக் காண்டாமிருகமோ மெய்யாகவே ஒற்றைக்கொம்புடையது. இவ்வாறு சொல் கற்பனையிலிருந்து இயற்கைக்கு மீண்டது. எனினும் வேறொரு விலங்கையே சென்றடைந்தது.

ஆகவே, மொழிபெயர்ப்பைத் திறனாய்வோர் அகராதியோடு அமையாது, சொற்றேர்வை நிர்ணயித்த அதிகாரத்தையும் அநுபவத்தையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும் என்பதே நமது துணிபு.