சராசரி என்னும் தராசு

அனில் அகர்வால், சுனிதா நாராயண் ஆகிய இருவரும் எழுதி 1991 ஆம் ஆண்டில் புதுதில்லியில் வெளிவந்த 'சமமற்ற உலகில் புவி வெப்பமாதல்' என்னும் சிறுநூல், ஏழை உழவனின் நெல்வயலினின்று எழும் மீத்தேனையும் மேலைநாட்டார் மோட்டார் வண்டிகளின் புகையையும் ஒரே நிறையாக எண்ணலாகாது என வாதிட்டது. பிழைப்புக்கான உமிழ்வு வேறு, ஆடம்பர உமிழ்வு வேறு என்னும் இவ்வேறுபாடு, கிறிஸ்தவ அறவியலுக்கும் அந்நூல் அளித்த கொடையாகும்.

ஆயினும் அதன் கணக்கு, நாடுகளுக்கிடையே பங்கிடுவதோடு நின்றுவிடுகிறது. தலைக்கு இவ்வளவு என வகுக்குங்கால், விறகடுப்பின் புகையில் வாடும் பெண்ணும், பெரும்பாலும் நிலக்கரியால் விளையும் மின்சாரத்தைக் கொண்டு அறைதோறும் குளிரூட்டும் குடும்பமும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிடுகின்றனர். இந்தியச் செல்வர் ஏழைகளின் பின்னே ஒளிந்துகொள்கின்றனர் என்பதைக் கிரீன்பீஸ் இந்தியா 2007இல் வெளியிட்ட அறிக்கை சுட்டிக்காட்டிற்று. 2016இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் எரிவாயு இணைப்புப் பெற்ற இல்லங்கள் பலவும், மறு உருளையின் விலை கைக்கெட்டாமையால் விறகை இன்னும் நம்பியிருக்கின்றன.

நாடுகளிடையே நீதி கோரும் நாம், இல்லங்களிடையே அதனை மறுப்பது முறையாமோ? கள்ளத்தராசைக் கடிந்துரைத்த ஆமோஸ் தீர்க்கதரிசியின் செய்தியைப் பிரசங்கிக்கும் போதகர், தம் இல்லத்து மின்கட்டணத்தையும் அந்நீதியின் தராசில் நிறுத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்.