641-க்கு வசப்பட்ட எண்

4294967297. வாய்விட்டுச் சொன்னால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. அடுக்குக்குறியில் எழுதினால் 2³² + 1.

1640-இல் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையில் மனம் பறிகொடுத்தார். 2-இன் அடுக்கை ஒவ்வொரு முறையும் இரட்டித்து 1 கூட்டினால் வரும் எண்கள் இவை. ஐந்தும் பகா எண்கள். இனி வருபவையும் அப்படியே என்று நம்பினார். வரிசையில் அடுத்தது 4294967297.

1729-இல் கணிதர் கோல்ட்பாக் இந்தக் கருத்தைக் கடிதம் வழியே சக கணிதர் ஆய்லருக்குச் சொன்னார். 1732-இல் ஆய்லரிடமிருந்து விடை வந்தது: 641 × 6700417.

பகா எண்ணா என்று சோதிக்க 65536 வரையுள்ள 6542 பகா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணும் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்கும் என்று ஆய்லர் பின்னர் நிறுவினார். அந்தச் சல்லடையில் 193, 257, 449, 577 ஆகியவற்றை அடுத்து ஐந்தாவதாக நிற்பது 641.

ரசிகரைச் சொக்க வைப்பது, வகுத்தே பார்க்காமல் இதை நிறுவும் வழி. ஹார்டியும் ரைட்டும் எழுதிய எண் கோட்பாட்டு நூலில் அது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. 641-ஐ இரண்டு விதமாக எழுதலாம்: 5 × 2⁷ + 1, 5⁴ + 2⁴. முதல் வடிவத்தின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவத்தின்படி 5⁴ இருக்கும் இடத்தில் −2⁴ வைக்கலாம். −2³²-இன் மீதி 1 என்றாகிறது. ஆக 2³² + 1 மீதியே இல்லாமல் வகுபடுகிறது! பத்து இலக்க எண்ணுக்குள் ஒளிந்திருந்த காரணி, 5-ஐயும் 2-ஐயும் வைத்தே பிடிபட்டுவிடுகிறது.

இதே எண் இன்னொரு வாசல் வழியாகவும் உடைகிறது. 65536² + 1² என்பது அதன் வெளிப்படையான வடிவம். 62264² + 20449² என்றும் அதை எழுதலாம். ஒற்றைப்படைப் பகா எண் ஒன்றை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், ஒரே விதத்தில்தான் எழுத முடியும். இதற்கு இரண்டு விதம் வாய்த்திருப்பதே இது பகு எண் என்பதற்குச் சாட்சி.

இதில் 2 கழித்தால் வரும் 4294967295 இன்னும் வியப்பு. அது 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மாவின் ஐந்து பகா எண்களும் ஒன்றுவிடாமல் கூடிய பெருக்கல். அளவுகோலும் கவராயமும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணத்தை வரையலாம் என்று 1796-இல் கணிதர் காஸ் காட்டியபோது, இந்தப் பகா எண்களுக்கு வடிவியலிலும் இடம் கிடைத்தது. ஒற்றைப்படைப் பக்கப் பலகோணத்தை அப்படி வரைய, பக்க எண்ணிக்கை வெவ்வேறு ஃபெர்மாப் பகா எண்களின் பெருக்கலாகவோ அவற்றில் ஒன்றாகவோ இருக்க வேண்டும். ஆறாவது ஃபெர்மாப் பகா எண் எதையும் இதுவரை யாரும் கண்டதில்லை. அதனால், அந்த இரண்டு கருவிகளால் வரைய முடியும் என்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களில் மிகப் பெரியதற்கு 4294967295 பக்கங்கள்.